இயந்திரம் மூச்சு விடும் வழி

சங்கங்களின் கணக்கைப் பார்வையிடச் செல்லும்போது தவணை தவறிய கடன்களின் பட்டியலை முதலில் கேட்டு வாங்குவது நம் வழக்கம். பட்டியலின் கடைசிப் பத்தியில் தவறியதற்குக் காரணம் எழுதியிருப்பார்கள். மழை பொய்த்தது, சேலை தேங்கியது, வீட்டில் நோய், மகள் திருமணம் என்பன நாம் நெடுங்காலமாகப் படித்து வரும் காரணங்கள். அண்மை ஆண்டுகளில் இவற்றோடு மற்றொன்றும் அடிக்கடி தென்படுகிறது. ‘இயந்திரம் பழுது’ என்ற இரண்டு சொற்களே அங்கே இருக்கும். எந்த இயந்திரம், எதனால் பழுது என்று செயலாளரைக் கேட்டால் அவருக்கும் தெரிவதில்லை. கடன் பெற்ற அங்கத்தினர் வீட்டிற்கே சென்று விசாரித்தால், பல இடங்களில் நமக்குக் கிடைக்கும் விடை தூசி என்பதாகும்.

ஒரு தலைமுறைக்கு முன் நெசவாளர் வீட்டிலும் குடியானவர் வீட்டிலும் மின்சாரத்தால் சுழலும் பொருள் என்று சொல்வதற்கு ஒரு விசிறி இருந்தால் அதுவே பெரிது. 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லாப் பொருள்கள் திட்டத்தின் வழியாக மிக்ஸி, கிரைண்டர், மேசை விசிறி ஆகிய மூன்றும் ஒருசேர எண்ணற்ற வீடுகளுக்குள் வந்தன. அதன் பின்னும் முன்னுமாகக் குளிர்பதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் தவணையில் வந்து சேர்ந்தன. இப்போது நமது அங்கத்தினர் ஒருவரின் வீட்டில் எண்ணிப் பார்த்தால் ஐந்தாறு மோட்டார்களாவது சுழல்கின்றன. வயலுக்குப் போனால் பம்பு, தெளிப்பான், பவர் டில்லர் என அந்தக் கணக்கு மேலும் வளரும்.

ஆண்டுக்கொரு முறை ஆயுத பூசையன்று இவை யாவும் துடைக்கப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் பெறுகின்றன. அதை நாம் குறை கூறவில்லை. ஆயினும், ஒரு வீட்டில் மோட்டார் உறையின் காற்றுத் துளைகளின் மேலேயே சந்தனத்தைக் குழைத்து அப்பி, துளை நான்கு அடைபட்டிருந்ததையும் கண்டிருக்கிறோம். இயந்திரத்தின் முகத்தைத் துடைப்பது எளிது. அது மூச்சு விடும் இடம் பெரும்பாலும் முதுகிலோ அடிவயிற்றிலோ இருக்கிறது. அங்கே கை போவதில்லை.

நமது அங்கத்தினர் இருவகையினர் ஆதலின் தூசியும் இருவகைப்படும். நெசவாளர் வீட்டில் பறப்பது பஞ்சுத் துகளும், பாவிலிருந்து உதிரும் கஞ்சித் தூளும். இவை எடையற்றவை, ஓரிடத்தில் ஒட்டினால் ஒன்றோடொன்று பின்னிக் கொண்டு மெத்தை போலாகிவிடும். எளிதில் தீப்பற்றவும் கூடியவை. குடியானவர் வயலில் பறப்பது மண். அதிலுள்ள நுண்மணல், இரும்பையே தேய்க்கும் கடினம் உடையது. பஞ்சுத் தூசி இயந்திரத்தைப் போர்த்தி மூச்சடைக்கச் செய்கிறது. மண் தூசியோ உள்ளே புகுந்து அறுக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் எங்கே என்ன செய்ய வேண்டும் என்பது தானே விளங்கும்.

முதலில் வீட்டிலுள்ள மோட்டாரைப் பார்ப்போம். நாம் கொடுக்கும் மின்சாரம் முழுவதையும் எந்த மோட்டாரும் சுழற்சியாக மாற்றுவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிவிடும். அந்த வெப்பத்தை வெளியேற்றவே உறையில் துளைகளும், சில மோட்டார்களில் உள்ளேயே சிறு விசிறியும் வைத்திருக்கிறார்கள். செப்புக் கம்பிச் சுற்றுகள் ஒன்றையொன்று தொடாதபடி காப்பது அவற்றின் மேலுள்ள மெல்லிய வார்னிஷ் பூச்சு. தாங்கக்கூடிய அளவுக்கு மேல் வெப்பம் பத்துப் பாகை கூடினால் அந்தக் காப்பின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. ‘மோட்டார் திடீரென்று எரிந்து போயிற்று’ என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது பல மாதங்களாகச் சிறிது சிறிதாக எரிந்து கொண்டிருந்தது.

மிக்ஸியின் காற்று வழி அதன் அடிப்புறத்தில் இருக்கிறது. சத்தம் குறையட்டும் என்று பழைய துண்டை மடித்துப் போட்டு அதன் மேல் மிக்ஸியை வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. துணி அடிப்புறத் துளைகளை மூடுகிறது. அதோடு துணியின் பிசிறையும் மோட்டார் உள்ளே இழுத்துக் கொள்கிறது. மிக்ஸி மோட்டாரில் கார்பன் துண்டுகள் உரசும் இடத்தில் ஓடும்போதெல்லாம் சிறு பொறி பறப்பது இயல்பு. பஞ்சும் பொறியும் ஓரிடத்தில் சேரலாகாது என்பதை நெசவாளர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மிக்ஸியைச் சமதளமான கல்லின் மீதோ பலகையின் மீதோ வெறுமையாக வைப்பதே முறை. கெட்டியான பொருளை ஐந்து நிமிடம் அரைத்தால் சில நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை உடனே அழுத்தி மீண்டும் ஓட்டுபவர்கள் உண்டு. அந்தப் பொத்தான், மோட்டார் சூடாகிவிட்டது என்று சொல்லும் செய்தி. சூடு ஆறிய பின், சாமானைக் குறைத்து விட்டு, அதன் பின்பே அதை அழுத்த வேண்டும்.

கிரைண்டர் நம் நாட்டுப் பொருள். கோயம்புத்தூரில் 1955-ஆம் ஆண்டில் பி. சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டி உருவாக்கியது இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருளாக இருக்கிறது. இதற்குத் தூசியைக் காட்டிலும் தண்ணீரே பகை. மாவெடுத்த பின் சாதனம் முழுவதையும் குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது கூடாது. பாத்திரத்தையும் கல்லையும் தனியே எடுத்துக் கழுவி, உடலை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பெல்ட் தளர்ந்தால் கல் மெதுவாகச் சுழலும், பெல்ட் வழுக்கி ரப்பர் வாடை அடிக்கும். அப்போதே மாற்றிவிட்டால் செலவு சிறிது.

இங்கே ஒன்றைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். கிரைண்டரின் பிளக்கில் மூன்று முனைகள் உள்ளன. அவற்றுள் நீளமாகவும் பருமனாகவும் இருப்பது எர்த் முனை. சுவரிலுள்ள பழைய இரு துளைப் பிளக்கில் பொருந்தவில்லை என்று அந்த முனையை அறுத்துவிட்ட வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். ஓர் ஊரில் மாவரைத்துக் கொண்டிருந்த அம்மையார் ஒருவரைக் கிரைண்டர் பிடித்துக் கொண்டது. பக்கத்தில் நின்ற பள்ளிச் சிறுவன் தாயைத் தொடாமல், ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினான். அதனால் அவர் பிழைத்தார். அந்தப் பையனுக்கு யாரோ பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அறுபட்ட எர்த் முனை அலமாரியின் மேலேயே கிடந்தது. மின்கசிவு ஏற்பட்டால் தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவி இப்போது எளிதாகக் கிடைக்கிறது. மின்பணியாளர்கள் அதை இ.எல்.சி.பி. என்றும் ஆர்.சி.சி.பி. என்றும் சொல்வார்கள். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதைக் கேட்டுப் பொருத்திக் கொள்ள வேண்டும். அதில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒரு முறை அதை அழுத்தினால் மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கருவி செத்துவிட்டது என்று பொருள். கருவி இருக்கிறதே என்று எர்த் கம்பியை விட்டுவிடவும் கூடாது, இரண்டும் வேண்டும்.

நிற்க. குளிர்பதனப் பெட்டியைப் பற்றிய தவறான எண்ணம் ஒன்றை நீக்க வேண்டும். அது குளிரை உண்டாக்குவதாக நாம் நினைக்கிறோம். அது செய்வது உள்ளேயிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டு வந்து கொட்டுவதே ஆகும். கொட்டும் இடம் பெட்டியின் பின்புறத்திலுள்ள கறுப்புக் கம்பிச் சட்டம். புதிய பெட்டிகள் பலவற்றில் இது பக்கச் சுவர்களுக்குள் மறைந்திருக்கும். பக்கச் சுவர் சூடாக இருப்பது அதனால்தான். கம்பிச் சட்டத்தின் மேல் பஞ்சு படிந்தால், கோடையில் ஒருவருக்குக் கம்பளி போர்த்தி வேலை வாங்கியது போலாகும். வெப்பம் வெளியேறாது, உள்ளே குளிராது, கம்பிரசர் ஓய்வின்றி ஓடும், மின் கட்டணம் ஏறும்.

நெசவூர் ஒன்றில் தறிக்குழியை ஒட்டியே குளிர்பதனப் பெட்டி வைத்திருந்த வீடு ஒன்று நமக்கு நினைவிற்கு வருகிறது. வீட்டு அம்மையார் மோரும் பூவும் வைத்து விற்று வந்தார். பெட்டிக்கான தவணையை அந்த வருவாயிலிருந்தே கட்டினார். கோடையின் நடுவில் பெட்டி குளிரவில்லை. பழுது பார்க்க வந்தவர் வாயு இறங்கிவிட்டது, நிரப்ப வேண்டும் என்று ஒரு பெருந்தொகை சொல்லிப் போயிருந்தார். “ரெண்டு தவணைக் காசு சார், கேஸுக்கே போயிடும் போலிருக்கு” என்றார் அம்மையார். நாம் இயந்திரப் படிப்புப் படித்தவரல்லோம். எனினும் பெட்டியைச் சுவரை விட்டு இழுத்துப் பார்க்கலாமே என்றோம். பின்புறத்தில் கம்பியே தெரியவில்லை. ஒரு விரல் கனத்திற்கு வெள்ளைப் பஞ்சு படிந்து, ஓரங்களில் திரியாகத் தொங்கியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பாவுக்குக் கஞ்சி தடவும் பழைய பிரஷ் ஒன்றை எடுத்து மேலிருந்து கீழாக அவரே தேய்த்து எடுத்தார். ஒரு முறம் பஞ்சு சேர்ந்தது. மறுநாள் நாம் அந்த வழியாகத் திரும்பியபோது கம்பிரசர் விட்டு விட்டு ஓடிக் கொண்டிருந்தது. வாயு இறங்கவேயில்லை. எல்லாப் பெட்டிக்கும் இதுவே நோய் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பணம் கொடுக்கும் முன் செய்து பார்க்க வேண்டிய முதற் சோதனை இது. இதற்குச் செலவு எதுவும் இல்லை.

தறி உள்ள வீட்டில் மாதம் ஒரு முறையும், மற்ற வீடுகளில் மூன்று மாதத்திற்கு ஒரு முறையும் இதைச் செய்யலாம். சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு சாண் அளவாவது இடைவெளி வேண்டும். கதவின் ரப்பர் விளிம்பைச் சோதிக்க ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தாள் வழுக்கிக் கொண்டு வந்தால் அங்கே குளிர் கசிகிறது. ரப்பரைச் சோப்பு நீரால் துடைத்தாலே பல வேளைகளில் சரியாகிவிடும். பனிக்கட்டி அறையில் அரை விரல் கனத்திற்கு மேல் பனி படிந்தால் பெட்டியை நிறுத்திக் கரைய விட வேண்டும். கத்தியால் குத்திப் பெயர்ப்பது தகாது. உள்ளேயிருக்கும் குழாய் ஓட்டையானால் அப்போது உண்மையிலேயே வாயு போய்விடும்.

விசிறியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இறக்கையில் தூசி படிந்தால் காற்றுக் குறையும், துடைக்க வேண்டும். துடைத்தும் மெதுவாகச் சுழன்றால் கோளாறு பெரும்பாலும் அதன் கெப்பாசிட்டரில் இருக்கும். கூரை விசிறியில் அது சிறிய பொருள்; மின்பணியாளர் சில நிமிடங்களில் மாற்றிவிடுவார். மேசை விசிறியில் மட்டும், மோட்டாரின் பின்மூடியைக் கழற்றிப் பஞ்சை எடுப்பதை மறக்கலாகாது. தறிக்கருகில் நாள் முழுதும் ஓடும் விசிறியின் தண்டில் நூற் பிசிறு சுற்றிக் கொண்டு தண்டையே இறுக்கிவிடும். சலவை இயந்திரத்திலும் பிசிறு வடிகட்டிப் பை ஒன்று உண்டு. வாரம் ஒரு முறை அதை உதற வேண்டும். குளிர்சாதனம் வைத்திருப்போர் அதன் முன்மூடியைத் திறந்து வலைச் சல்லடையை இரு வாரத்திற்கு ஒரு முறை தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சைக் காளான் வாடை அடிக்கும். தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் என்றால் தொட்டி நீரை வாரத்திற்கொரு முறை முழுதும் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு பரப்பும் கொசு தேங்கிய நன்னீரிலேயே முட்டையிடுகிறது.

எரிவாயு அடுப்பும் மூச்சு விடுகிறது. நீல நிறமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால், காற்றுக் கலக்கும் துளையோ பர்னரின் துளைகளோ அடைபட்டுள்ளன. பர்னரை ஆற விட்டு, ஊசியால் துளைகளைக் குத்திக் கழுவி, முழுதும் உலர்ந்த பின் வைக்கவும். ரப்பர்க் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். குழாயின் மேலேயே அதன் ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும்.

இனி வயலுக்கு வருவோம். நாம் இக்கட்டுரையை எழுதத் துணிந்ததற்கே காரணம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு லிட்டர் டீசல் முழுதும் எரிவதற்கு ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்று தேவை. அதுவும் குறைந்த அளவு. டீசல் எஞ்சின் அதைவிட அதிகமாகவே இழுக்கும். ஒரு நாள் உழவில் ஐந்தாறு லிட்டர் டீசல் செலவானால் எஞ்சின் ஓர் அறை கொள்ளாத காற்றை விழுங்கியிருக்கிறது. புழுதி உழவில் அந்தக் காற்றெல்லாம் மண் கலந்த காற்று. அந்த மண் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் இடையில் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போல் ஆகும். இதைத் தடுப்பதற்கு எஞ்சினின் முகப்பில் உள்ள ஒரே காவல் ஏர் கிளீனர் என்னும் காற்று வடிகட்டி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கம் பவர் டில்லர் ஒன்றை வாங்கி, சிறு நில அங்கத்தினருக்கு வாடகைக்கு விட்டு வந்தது. நல்ல முயற்சி. மாடு வைத்துக் கொள்ள இயலாதவர்கள் காத்திருக்காமல் உழுதார்கள். இரண்டாம் ஆண்டு ஆடி மாதத்தில் வண்டி நீலப் புகை கக்கத் தொடங்கியது. எஞ்சின் எண்ணெய் ஊற்ற ஊற்றக் குறைந்தது. புரட்டாசியில், விதைப்பு நெருங்கிய வேளையில் எஞ்சின் நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தவர் ரிங்கு, லைனர், பிஸ்டன் யாவும் தேய்ந்து போயின என்றார். செலவு, வண்டியை ஓட்டியவரின் ஐந்து மாத ஊதியத்திற்கு மேல். ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம், அவரிடமிருந்தே தொகையை வசூலிக்க வேண்டும் என்று நிர்வாகக் குழு தீர்மானித்தது. அங்கத்தினர்களுக்கும் அவர் மேல் கோபம். பருவத்தை இழந்தவர்கள் கோபப்படாமல் எப்படி இருப்பார்கள்? விசாரணை நம்மிடம் வந்தது.

ஓட்டுநர் நடுத்தர வயதினர், எழுத்து வாசனை குறைந்தவர். “தினம் காலையில எண்ணெய் பார்த்துட்டுத்தாங்க ஸ்டார்ட் பண்ணுவேன்” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பொய்யோ என்று நாமும் முதலில் ஐயுற்றோம். சங்கத்தின் சாமான் இருப்புப் புத்தகத்தைப் பார்த்தோம். எஞ்சின் எண்ணெய் முறையாக வாங்கப்பட்டு, முறையாகச் செலவாகியிருந்தது. அவர் சொன்னது உண்மையே. அளவுக்கோலை உருவி எஞ்சினுக்குள் இருக்கும் எண்ணெயை அவர் நாள்தோறும் பார்த்திருக்கிறார். ஏர் கிளீனரின் அடிக் கிண்ணத்திலும் எண்ணெய் இருக்க வேண்டும் என்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. கிண்ணத்தைக் கழற்றினோம். எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் போல் இறுகிய மண் இருந்தது. வண்டியுடன் வந்த கையேடு செயலாளரின் பீரோவில், பிளாஸ்டிக் உறை பிரியாமல் இருந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முந்தின ஆண்டுப் பார்வையின்போது அதே வண்டியைப் பற்றி ‘நல்ல இயக்க நிலையில் உள்ளது’ என்று அறிக்கையில் எழுதியவர் நாமே. கொட்டகைக்குப் போனோம், ஓட்டுநர் ஸ்டார்ட் செய்து காட்டினார், சத்தம் கேட்டது, எழுதிவிட்டோம். கிண்ணத்தை அன்றே திறந்திருந்தால் மண் களிம்பாக இருந்திருக்கும், எஞ்சின் பிழைத்திருக்கும். 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81-ஆம் பிரிவின்படி நாம் கொடுத்த விசாரணை அறிக்கையில் இதையும் ஒரு பத்தியாகச் சேர்த்தோம். ஓட்டுநரிடம் வசூலிக்க ஆதாரம் இல்லை என்றும் எழுதினோம். செலவைச் சங்கமே ஏற்றது. அவ்வாண்டு இலாபம் அந்த அளவுக்குக் குறைந்தது. நம் மீது அவ்வூர் அங்கத்தினர் சிலருக்கு இன்றும் வருத்தம் உண்டு என்பதை அறிவோம்.

எண்ணெய்க் கிண்ணம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை விளக்கிவிடுகிறோம். உள்ளே இழுக்கப்படும் காற்று நடுக்குழாய் வழியாகக் கீழே பாய்ந்து, கிண்ணத்திலுள்ள எண்ணெயின் மேல் மோதி, சட்டென்று மேல் நோக்கித் திரும்புகிறது. காற்று திரும்பும், கனமான மண் திரும்ப முடியாமல் எண்ணெயில் விழுந்து ஒட்டிக் கொள்ளும். தப்பிய நுண்தூசியை, எண்ணெய் நனைந்த கம்பி வலை மேலே பிடித்துக் கொள்ளும். ஆதலின் கிண்ணத்தில் எண்ணெய் இல்லையென்றால் அது வடிகட்டி அன்று. வெறும் தகரப் பெட்டி. கிண்ணத்தின் உட்புறத்தில் ஒரு கோடு இருக்கும். எண்ணெய் அந்தக் கோடு வரை இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று ததும்ப ஊற்றுவது தவறு. மிகுந்த எண்ணெயை எஞ்சின் காற்றோடு உறிஞ்சி எரிக்கத் தொடங்கும். சில வேளை கட்டுக்கடங்காமல் வேகமெடுத்து ஓடவும் கூடும்.

புழுதி உழவு நடக்கும் நாள்களில் இந்தக் கிண்ணத்தை நாள்தோறும் கழற்றிப் பார்க்க வேண்டும். எண்ணெய் கறுத்துக் கெட்டியாகியிருந்தாலோ, அடியில் ஒரு விரற்கடை மண் படிந்திருந்தாலோ கொட்டிவிட வேண்டும். கிண்ணத்தைத் துடைத்து, கம்பி வலையை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ அலசி, நன்றாக வடிய விட்டு, கோடு வரை புதிய எஞ்சின் எண்ணெய் ஊற்றி மாட்டவும். சேற்றுழவில் தூசி குறைவாதலால் கையேடு சொல்லும் மணிக் கணக்குப்படி செய்தால் போதும். எஞ்சினை நிறுத்திய பின்பே கழற்ற வேண்டும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தோம். ஓடும் எஞ்சினில் கழற்றியவரையும் பார்த்த பின் சொல்லி வைக்கிறோம். கொட்டும் எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ ஊற்றாமல், ஒரு தகரத்தில் சேர்த்துப் பழைய எண்ணெய் வாங்குபவரிடம் கொடுக்கவும்.

கிண்ணம் சரியாக இருந்தும் தூசி உள்ளே போகும் வழி ஒன்று உண்டு. ஏர் கிளீனருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழாய் வெடித்தாலோ, அதன் பட்டை தளர்ந்தாலோ காற்று அந்த வழியாகப் புகும். இதைக் கண்டுபிடிப்பதற்கு நம் நெசவாளர் உதவி போதும். ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, எஞ்சின் பக்கத்துக் குழாயின் உட்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால் ஓட்டை இருக்கிறது. அதை அடைக்கும் வரை உழக்கூடாது.

புதிய டிராக்டர்களிலும் சில எஞ்சின்களிலும் எண்ணெய்க்குப் பதிலாக மடித்த தாள் வடிகட்டி வருகிறது. இதைப் பராமரிக்கும் முறை வேறு. தரையில் ஓங்கித் தட்டினால் தாளைப் பிடித்திருக்கும் விளிம்பு நெளிந்து இடைவெளி விழும். கம்பிரசர்க் காற்றை முழு வேகத்தில் அடித்தால் தாள் கிழியும். உள்ளிருந்து வெளிப்புறமாக, குறைந்த அழுத்தத்தில், சற்றுத் தள்ளிப் பிடித்து ஊதுவதே சரி. பிறகு உள்ளே ஒரு விளக்கை வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஊசி முனையளவு ஒளி நேராகத் தெரிந்தாலும் வடிகட்டியை எறிந்துவிட வேண்டும். பல வண்டிகளில் பெரிய வடிகட்டிக்குள் சிறிய வடிகட்டி ஒன்றும் இருக்கும். அது காப்புக்கு வைத்தது. அதைச் சுத்தம் செய்யாமல், குறித்த காலத்தில் புதிதாக மாற்ற வேண்டும். தாள் வடிகட்டியை ஆசையினால் அடிக்கடி திறப்பதும் நல்லதன்று, திறக்கும் ஒவ்வொரு முறையும் விளிம்பிலுள்ள தூசி உள்ளே உதிர்கிறது. எச்சரிக்கை விளக்கோ முள்ளோ காட்டும்போது திறந்தால் போதும்.

பெட்ரோலில் ஓடும் தெளிப்பானிலும் புல்வெட்டியிலும் பஞ்சுத் தக்கை போன்ற நுரை வடிகட்டி உண்டு. சோப்பு நீரில் கசக்கி, உலர்த்தி, கையேடு சொன்னால் சில துளி எண்ணெய் விட்டுப் பிழிந்து மாட்டவும்.

புகையைப் பார்த்தே நோயறியலாம். கரும்புகை அடித்து இழுவை குறைந்தால் காற்றுப் போதவில்லை; வடிகட்டி அடைத்திருக்கக் கூடும். கழுவினால் தீரும். நீலப் புகை அடித்தால் எண்ணெய் எரிகிறது. கிண்ணத்தில் அளவுக்கு மேல் ஊற்றினோமா என்று முதலில் பார்க்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால் ரிங்கு தேய்ந்திருக்கலாம். அப்போது வடிகட்டியைக் கழுவி இனிப் பயனில்லை. ஆயினும் காலந்தாழ்த்தாமல் எஞ்சினைக் காட்டினால் ரிங்கோடு போகும், லைனர் தப்பும்.

மேற்சொன்ன சங்கத்தில் இப்போது பவர் டில்லரின் கைப்பிடியில் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று தறி நூற்கயிற்றால் கட்டித் தொங்குகிறது. அதில் தேதி, ஓடிய மணி, எஞ்சின் எண்ணெய், கிண்ண எண்ணெய் என நான்கு பத்திகள். கையேட்டின் வேண்டிய பகுதிகளைச் செயலாளரின் மகள் தமிழில் எழுதி, கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். எழுதத் தயங்கும் ஓட்டுநர் பத்திகளில் ஒரு கோடு போடுகிறார். வாடகைக்கு எடுக்கும் அங்கத்தினர் கிண்ணத்தைத் தாமே பார்த்துவிட்டு அதன் பக்கத்தில் கையொப்பம் இடுகிறார். கையொப்பம் இல்லாத நாளுக்கு வாடகைச் சீட்டுக் கிழிப்பதில்லை என்பது குழுவின் தீர்மானம். சென்ற முறை நாம் போனபோது புத்தகத்தைப் புரட்டினோம். ஐப்பசியில் இரண்டு நாள்கள் விடுபட்டிருந்தன. மழை நாள்கள், வண்டி எடுக்கவில்லை என்றார் ஓட்டுநர். வாடகைப் புத்தகத்தோடு ஒப்பிட்டோம், சரியாக இருந்தது. அதன் பின் கிண்ணத்தையும் கழற்றச் சொல்லிப் பார்த்தோம்.